மோதல் கணக்கில் எதைக் கையில் எடுப்பது: உந்தமா, இயக்க ஆற்றலா, மீட்சிக் குணகமா?

போன வாரம் டியூஷனில் படிவம் 4 பையன் ஒருவன் ஒரு கணக்கை நீட்டினான். 1,000 கிலோ கார் ஒன்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்து, நின்றுகொண்டிருக்கும் 9,000 கிலோ லோரியின் பின்னால் இடிக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே நகர்கின்றன. அந்த வேகம் என்ன? அவன் விடை 6.3. சரியான விடை 2. எப்படியப்பா 6.3 வந்தது என்று கேட்டால், "தெனாகா கினெத்திக் முன்னாடியும் பின்னாடியும் சமம்னு போட்டேன் சார், தெனாகா அழியாதுதானே?" என்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை உந்தம் போட்டு 2 என்று சரியாக எழுதியிருந்தாள், ஆனால் அடுத்த கணக்கில், மீட்சி மோதல் என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தும், அதே உந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தெரியாத வேகம் இரண்டு, சமன்பாடு ஒன்று என்று முழித்துக்கொண்டிருந்தாள்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டு முன்கூடத்தில் வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டிக்கொண்டு நான் நடத்தும் வகுப்பில் வருடா வருடம் இதே கதைதான். பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை. எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். அதோடு நம் பிள்ளைகளுக்குச் சொல் குழப்பம் வேறு: ஆரம்பப் பள்ளியில் ஆற்றல், இடைநிலைப் பள்ளிக்குப் போனால் மலாயில் தெனாகா, அதற்கு மேல் படிக்கப் போனால் இன்னொரு பெயர். மின்சாரக் கம்பெனியின் பெயரிலும் தெனாகா இருப்பதால், அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பேருக்குக் கரண்டு பில்தான் ஞாபகம் வருகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் உந்தம் என்பது உங்கள் மொமெந்தும், அதாவது நிறை × வேகம்; இயக்க ஆற்றல் என்பது தெனாகா கினெத்திக், பாதி × நிறை × வேகத்தின் வர்க்கம்; மீட்சி மோதல் என்பது பெர்லங்காரான் கெஞ்ஞால், மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதல்; குறைந்தால் மீட்சியற்றது, தாக் கெஞ்ஞால்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு விஷயம் பார்க்கலாம். ஒன்று, அந்த விதி எல்லா மோதலுக்கும் பொருந்துமா, சில மோதலுக்கு மட்டுமா. இரண்டு, விடை கிடைக்க அது ஒன்றே போதுமா. மூன்று, கணக்கு எவ்வளவு நீளும், எந்த இடத்தில் கை வழுக்கும். நான்கு, அதைப் பயன்படுத்தும் முன் எது தெரிந்திருக்க வேண்டும். இந்த நாலாவதைத்தான் யாரும் கேட்பதில்லை, மதிப்பெண் போவதோ அங்கேதான்.

எல்லா வழிக்கும் ஒரே உதாரணம் வைத்துக்கொள்வோம், அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கேரம் பலகை. போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, காய் 5 முதல் 5.5 கிராம். நமக்கு 15, 5 என்றே இருக்கட்டும். ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போய், நிற்கும் காயை நேருக்கு நேர் அடிக்கிறது. முன் உந்தம் 15 × 2 = 30. முன் இயக்க ஆற்றல், பாதி × 15 × 4 = 30 மில்லிஜூல். இரண்டும் 30 ஆக வந்தது தற்செயல், அலகு வேறு, அதில் ஏமாற வேண்டாம்.

## வழி 1: உந்தம் மட்டும்

இது எப்போதும் பொருந்தும். மோதும் இரண்டு பொருளும் ஒன்றையொன்று ஒரே அளவில், எதிரெதிர்த் திசையில், ஒரே நேரம் தள்ளுகின்றன. ஒன்று இழந்தது மற்றதற்குப் போய்ச் சேர்கிறது. நசுங்கட்டும், ஒட்டட்டும், உடையட்டும், உந்தக் கணக்கு அசையாது. பலகையில் உராய்வு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் மோதல் நடக்கும் அந்தக் கணநேரத்தில் அது எடுத்துப்போவது மிகக் கொஞ்சம், விட்டுவிடலாம்.

சரி, அது ஒன்றே போதுமா? ஒட்டிக்கொண்டால் போதும். காய் ஸ்ட்ரைக்கரில் ஒட்டிக்கொண்டது என்று வைத்தால் 30 ÷ 20 = 1.5, ஒரே வரி. ஒட்டவில்லை என்றால் போதாது. ஸ்ட்ரைக்கர் 1, காய் 3 என்றாலும் உந்தம் 30 தான். 1.2, 2.4 என்றாலும் 30 தான். ஸ்ட்ரைக்கர் அப்படியே நின்று காய் வினாடிக்கு 6 மீட்டரில் பறந்தாலும் 30 தான்! ஆனால் கடைசியில் சொன்னதில் காயின் இயக்க ஆற்றல் 90 மில்லிஜூல் ஆகிறது, 30 போட்டு 90 எடுத்த மாதிரி. நடுவில் வெடிமருந்து ஏதும் இல்லாமல் அது நடக்காது, உந்தத்துக்கோ அதைப் பற்றிக் கவலை இல்லை. இந்த இடத்தைத்தான் அந்தப் பிள்ளை முட்டிக்கொண்டு நின்றாள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது திசை. வலம் கூட்டல் என்றால் இடம் கழித்தல், இதை மறந்தால் எல்லாம் போச்சு. வெட்கப்பட வேண்டாம், 1644-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் தன் நூலில் இயக்க அளவைத் திசையில்லாமல் கணக்கிட்டு, மோதல் விதிகளில் பெரும்பாலானதைத் தவறாகவே எழுதி வைத்தார். இரண்டாவது, கணக்கில் யார் யாரைச் சேர்ப்பது என்பது. பந்து தரையில் பட்டு எம்புகிறது, பந்தின் உந்தம் மாறாது என்று எழுதிவிடுவார்கள். அது தலைகீழாகவே மாறிவிட்டது, மீதியைப் பூமி வாங்கிக்கொண்டது. பூமியைக் கணக்கில் சேர்க்காமல் உந்தம் மாறாது என்று சொல்ல முடியாது.

## வழி 2: உந்தத்தோடு இயக்க ஆற்றலும்

இரண்டாவது சமன்பாடு வேண்டும், கையில் இருப்பது இயக்க ஆற்றல், அதையும் சமம் என்று போட்டுவிடுவோம் என்பதுதான் பெரும்பாலோர் செய்வது. மோதல் முழு மீட்சியாக இருந்தால் இது சரி. கேரமில் செய்து பார்ப்போம். உந்தத்திலிருந்து காயின் வேகம் = 6 கழித்தல் ஸ்ட்ரைக்கர் வேகத்தின் மூன்று மடங்கு. இதை ஆற்றல் சமன்பாட்டில் போட்டால் இருபடிச் சமன்பாடு ஒன்று வரும், தீர்த்தால் ஸ்ட்ரைக்கரின் வேகத்துக்கு இரண்டு விடை: 1 அல்லது 2. 1 என்றால் காய் 3. சரி. 2 என்றால் காய் 0, அதாவது ஸ்ட்ரைக்கர் ஒன்றுமே நடக்காத மாதிரி காயை ஊடுருவிப் போய்விட்டது! பேய் விடை. கணிதத்துக்கு மோதல் நடந்ததா இல்லையா என்று தெரியாது, எதுவும் நடக்காவிட்டாலும் உந்தமும் ஆற்றலும் மாறாமல்தானே இருக்கும். இந்தப் பேயை அடையாளம் தெரியாமல் விடையாக எழுதிய தாள்கள் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

ஆனால் இந்த வழி இல்லாமல் விளங்காத காட்சிகளும் உண்டு. நூலில் வரிசையாகத் தொங்கும் எஃகுக் குண்டுகள், ஒரு குண்டை இழுத்து விட்டால் மறுமுனையில் ஒரே ஒரு குண்டு எழும்புமே, பார்த்திருப்பீர்கள். ஏன் இரண்டு குண்டு பாதி வேகத்தில் எழும்பக்கூடாது? உந்தம் அதற்கு அனுமதி தருகிறது. ஆற்றல் தராது: இரண்டு குண்டு பாதி வேகத்தில் போனால் மொத்த இயக்க ஆற்றல் பாதிதான் வரும், மீதி எங்கே என்று கேட்டு நிற்கும். ரப்பர் தோட்டத்தில் கிராணி (கணக்கர்) பால் நிறுக்கும் இடத்தில் இரண்டு பேரேடு வைத்துப் பார்ப்பது போலத்தான்.

மறைந்திருக்கும் செலவு பெரியது: மோதல் மீட்சியானது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கேள்வி சொன்னால் போடலாம், அணு அளவில் நடப்பதென்றால் பெரும்பாலும் போடலாம். கண்ணால் காணும் பொருள்களில் முழு மீட்சி கிடையாது. கேரமில் "டக்" என்று கேட்கிறதே, அந்தச் சத்தமே வெளியே போன ஆற்றல்தான். நம் 6.3 பையன் மாட்டியதும் இதில்தான். மொத்த ஆற்றல் அழியாது என்பது உண்மை, ஆனால் அது இயக்க ஆற்றலாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சூடாக, சத்தமாக, நசுங்கிய தகரமாகப் போய்விடும். அவன் விடைப்படி பார்த்தால் உந்தம் 20,000-இலிருந்து 63,000 ஆக ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏற வழியே இல்லை.

## வழி 3: உந்தத்தோடு மீட்சிக் குணகம்

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு அளவில் இதை யாரும் கேட்கமாட்டார்கள், அதனாலேயே நிறையப் பேர் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்குப் பிடித்த வழி இது. மோதலுக்குப் பின் இரண்டும் விலகும் வேகத்தை, முன்பு நெருங்கிய வேகத்தால் வகுத்தால் வருவது மீட்சிக் குணகம். முழு மீட்சி என்றால் 1, ஒட்டிக்கொண்டால் 0, மற்றதெல்லாம் நடுவில். வழி 1-இன் ஒட்டல், வழி 2-இன் முழு மீட்சி இரண்டும் இதன் இரு முனைகள்.

கேரமுக்கு 0.8 என்று வைத்துக்கொள்வோம், எண் வசதிக்காக. நெருங்கிய வேகம் 2, ஆக விலகும் வேகம் 1.6. காய் கழித்தல் ஸ்ட்ரைக்கர் 1.6, உந்தத்தை 5-ஆல் சுருக்கினால் ஸ்ட்ரைக்கரின் மூன்று மடங்கும் காயும் சேர்ந்து 6. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஸ்ட்ரைக்கர் 1.1, காய் 2.7. வர்க்கம் இல்லை, பேய் விடை இல்லை. இப்போது ஆற்றலைச் சரிபார்த்தால் 27.3 மில்லிஜூல், 30-இல் 2.7 போயிருக்கிறது, 9 விழுக்காடு. முழு மீட்சி என்று கேள்வி சொன்னால்கூட நான் 0.8-க்குப் பதில் 1 போட்டு இதையே செய்வேன், இருபடி பக்கம் போகமாட்டேன்.

செலவு என்னவென்றால் அந்த 0.8 எங்கிருந்து வரும்? அளந்துதான் வர வேண்டும். நியூட்டன் 1687-இல் வந்த தன் பிரின்சிப்பியாவில் ஊசல் குண்டுகளை மோதவிட்டுப் பார்த்ததை எழுதியிருக்கிறார்: இறுக்கிச் சுற்றிய கம்பளிப் பந்துக்கு 9-க்கு 5, கண்ணாடிக்கு 16-க்கு 15. நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு பந்தை சிமெண்டுத் தரையில் போட்டு, விழுந்த உயரம், எம்பிய உயரம் இரண்டையும் அளந்து, எம்பியதை விழுந்ததால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் குணகம். பிங்பாங் மேசைக்கு விதியே இருக்கிறது, 30 சென்டிமீட்டரில் இருந்து விட்ட பந்து சுமார் 23 சென்டிமீட்டர் எம்ப வேண்டும். கணக்குப் போட்டால் 0.88 வரும். சின்ன வயதில் தோட்டத்தில் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து விளையாடினோமே, அதை அப்போது அளக்கத் தெரியவில்லை, எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

இன்னொன்று, இந்த எண் ஒரு பொருளுக்கு உரியதல்ல, மோதும் ஜோடிக்கு உரியது. அதே கோலி சிமெண்டில் ஒரு மாதிரி, மணலில் வேறு மாதிரி. வேகம் கூடினால் பொதுவாகக் குறையும், ஏனென்றால் நிரந்தரமாக நசுங்க ஆரம்பித்துவிடும். சூடும் மாற்றும்: ஸ்குவாஷ் ஆடுபவர்கள் பந்தை முதலில் அடித்துச் சூடேற்றுவது அது நன்றாக எம்புவதற்காகத்தான். சாய்வாகப் பட்டால் இடிக்கும் கோட்டின் நெடுக மட்டும்தான் இந்த எண் செல்லும், குறுக்குத் திசைக்கு ஆகாது.

## வழி 4: படகில் ஏறிப் பார்ப்பது

டச்சு விஞ்ஞானி ஹாய்கன்ஸ் மோதல் பற்றிய தன் நூலில் செய்த தந்திரம். ஓடும் படகில் ஒருவன் குண்டுகளை மோதவிடுகிறான், கரையில் நிற்பவன் பார்க்கிறான், மோதல் ஒன்றுதான், வேகம் மட்டும் இருவர் கண்ணுக்கும் வேறு வேறு. ஹாய்கன்ஸ் 1695-இல் இறந்த பிறகு, 1703-இல்தான் அந்த நூல் முழுதாக வெளிவந்தது.

நம் கேரமுக்கு வருவோம். மொத்த உந்தம் 30, மொத்த நிறை 20, பொதுவேகம் 1.5. அந்த 1.5 வேகத்தில் கூடவே நகர்ந்துகொண்டு பார்த்தால் ஸ்ட்ரைக்கர் 0.5-இல் வருகிறது, காய் 1.5-இல் எதிரே வருகிறது. மோதிய பின் இரண்டும் வந்த வழியே திரும்புகின்றன, வேகத்தை மட்டும் குணகத்தால் பெருக்க வேண்டும். 0.8 என்றால் 0.4, 1.2. திரும்பக் கரைக்கு வந்து 1.5-ஐச் சேர்த்தால் ஸ்ட்ரைக்கர் 1.1, காய் 2.7. சமன்பாடே தீர்க்கவில்லை! குணகம் 1 என்றால் 1, 3. குணகம் 0 என்றால் இரண்டும் 1.5. எல்லா மோதலும் ஒரே படத்தில் அடங்கிவிடுகிறது. செலவு: குறிகளில் கவனம் சிதறினால் மொத்தமும் கவிழும், படிநிலைக்கு மதிப்பெண் தரும் தாளில் இதை மட்டும் எழுதிவிட்டு வந்தால் திருத்துபவர் என்ன செய்வார் என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. விடையைச் சரிபார்க்கத் தாளின் ஓரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | உந்தம் மட்டும் | உந்தம் + இயக்க ஆற்றல் | உந்தம் + மீட்சிக் குணகம் | படகுப் பார்வை |
|---|---|---|---|---|
| எந்த மோதலுக்கு | எல்லாவற்றுக்கும் | முழு மீட்சிக்கு மட்டும் | எல்லாவற்றுக்கும் | எல்லாவற்றுக்கும் |
| தனியாகப் போதுமா | ஒட்டினால் மட்டும் | போதும் | போதும் | போதும் |
| வேலை | ஒரு வரி | இருபடிச் சமன்பாடு | இரண்டு நேர்ச் சமன்பாடு | கூட்டல் கழித்தல் |
| முன்பே தெரிய வேண்டியது | வெளித்தள்ளல் இல்லை என்பது | மீட்சியானது என்பது | குணகத்தின் மதிப்பு | குணகத்தின் மதிப்பு |
| எங்கே வழுக்கும் | திசைக்குறி | பேய் விடை, தவறான அனுமானம் | ஜோடி மாறினால் எண் மாறும் | குறி, படிநிலை மதிப்பெண் |

## யாருக்கு எது

படிவம் 4, 5 பிள்ளைகளே, கேள்வித்தாளில் சொல்லைத் தேடுங்கள். "மெலெக்காட்" (ஒட்டிக்கொள்வது), "பெர்கெராக் பெர்சாமா" (சேர்ந்து நகர்வது), "ஹலாஜு செபுன்யா" (பொதுவேகம்) என்று கண்டால் வழி 1, வேறு எதையும் தொடாதீர்கள். "கெஞ்ஞால்" என்று மட்டும் இருந்து இரண்டு வேகம் கேட்டால் வழி 2, வேலையைக் குறைக்க வேண்டுமென்றால் குணகம் 1 போட்ட வழி 3. "லெத்துப்பான்" (வெடிப்பு) என்றால், முன்பு எல்லாம் நின்றிருந்தால் மொத்த உந்தம் பூஜ்ஜியம், அதில் இயக்க ஆற்றல் கூடும், எரிபொருளோ சுருள்வில்லோ கொடுத்தது, பதற வேண்டாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் த்ரோலியும் டிக்கர் நாடாவும் வைத்துச் செய்பவர்களுக்கு, 50 ஹெர்ட்ஸ் என்றால் புள்ளிக்குப் புள்ளி 0.02 வினாடி, வேகம் அளந்தபின் குணகத்தையும் ஒரு தடவை கணக்கிட்டுப் பாருங்கள், ஆசிரியர் கேட்காவிட்டாலும். மேலே படிக்கப் போகிறவர்கள் வழி 4-க்கு இப்போதே பழகிவிடுவது நல்லது.

## அப்புறம் இயக்க ஆற்றல் எதற்கு?

வேகம் கண்டுபிடிக்க அல்ல, சேதம் கணக்கிட. அந்தப் பையனோடு கார் கணக்கைத் திரும்பச் செய்தேன். முன்பு கார் வைத்திருந்தது 200 கிலோஜூல், பின்பு இரண்டும் சேர்ந்து வினாடிக்கு 2 மீட்டரில் 20 கிலோஜூல். 180 கிலோஜூல் தகரத்தை நசுக்கப் போயிருக்கிறது, 90 விழுக்காடு.

"இப்போ லோரி வந்து நிற்கிற காரை அதே 20-இல் இடிச்சா?" என்று கேட்டேன். சேர்ந்த வேகம் 18. முன்பு 1,800, பின்பு 1,620. இழந்தது மறுபடியும் 180! விழுக்காட்டில் பார்த்தால் 10 தான், அதை வைத்து "சின்ன இடி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நசுங்குவதற்குப் போகும் ஆற்றல் ஒப்பு வேகத்தையும், அதாவது இரண்டும் நெருங்கும் வேகத்தையும், இரண்டின் நிறையையும் பொறுத்தது, எது நின்றது எது ஓடியது என்பதைப் பொறுத்ததல்ல. இரண்டு கதையிலும் காரின் வேகமாற்றம் 18, லோரிக்கு 2.

இன்னொன்றும் போட்டுப் பார்த்தோம். கார் நசுங்காமல் ரப்பர் பந்து மாதிரி முழு மீட்சியோடு எம்பினால்? கார் 16-இல் பின்னோக்கித் திரும்பும், லோரி 4-இல் போகும், ஆற்றல் இழப்பு பூஜ்ஜியம், தகரம் பத்திரம். ஆனால் உள்ளே இருப்பவருக்கு வேகமாற்றம் 36, இரட்டிப்பு. "பழைய கார் இரும்பு, இடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். காரின் மூக்கு நசுங்கும்படி வடிவமைப்பது வேண்டுமென்றேதான், எம்பாமல் இருக்கவும் நிற்கும் நேரத்தை நீட்டவும்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஈப்போ சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று சத்தமாகப் போனது. "அப்போ சார், காருக்குள்ள இருக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானா?" என்றான். இடித்து முடியும் வரை ஒன்றுதான். ஆனால் லோரி இடித்த கதையில், இடி முடிந்தபின்னும் 1,620 கிலோஜூல் மிச்சம் இருக்கிறது, கார் லோரியின் மூக்கில் மாட்டிக்கொண்டு மணிக்கு சுமார் 65 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிரேக் பிடிக்கவேண்டியது லோரி டிரைவர்தான் என்றேன். நோட்டுப் புத்தகத்தில் 6.3-ஐ அடித்துவிட்டு 2 என்று எழுதினான்.